உள்ள என்னத்தப் பூசுதாவ?

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியலை. மன்னிச்சுக்கோங்க மக்களே. இந்தத் தடவை ஒரு பாட்டில் கதை. 'ராதாபுரத்துக்காரன் குடியைப் பத்தி எழுத ஆரம்பிச்சுட்டான்'னு யாரும் பதற வேண்டாம், இது சரித்திரப் பதிவுதான்.

ப்ராஜக்ட் வேலையா ரெண்டு மாசம் லிஸ்பன்ல இருந்தேன். கிளம்புற அன்னிக்கு கூட வேலை பார்த்த போர்ச்சுகீசியர் ஒருத்தர் ஒரு பாட்டிலைக் கையில குடுத்தார். ஒயின்தான். ஆனா சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பதனியைக் காய்ச்சும்போது பாதி நேரத்துல ஒரு பொன்னிறம் வரும் பாருங்க, அப்படியே அந்த நிறம். லேபிள்ல 'குர்த்திமென்டா'ன்னு ஒரு வார்த்தை. என்ன அர்த்தம்னு கேட்டேன். "தோல் பதனிடுறது" அப்படின்னார். எனக்கு வாணியம்பாடி, ஆம்பூர்லாம் கண் முன்னாடி வந்து போச்சு :-)

விஷயம் இதுதான். வெள்ளை ஒயின் செய்யறவங்க வெள்ளை திராட்சையைப் பிழிஞ்சு, தோலைத் தூக்கிப் போட்டுட்டு, சாறை மட்டும் புளிக்க விடுவாங்க. சிவப்பு ஒயினுக்குக் கறுப்பு திராட்சையைத் தோலோட புளிக்க விடுவாங்க. நிறம், துவர்ப்பு எல்லாம் அந்தத் தோல்ல இருந்துதான் இறங்கும். வெள்ளை திராட்சையையே தோலோட வாரக்கணக்கா, மாசக்கணக்கா ஊற விட்டா வர்றதுதான் இந்த ஆரஞ்சு ஒயின். ஆரஞ்சுப் பழத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பேரே 2004ல டேவிட் ஹார்வின்னு ஒரு பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி வச்சதுதான். உலக ஒயின் அமைப்பு இதைத் தனி வகைன்னு ஏத்துக்கிட்டதே 2020ல. பேர் புதுசு, சரக்கு பழசு. ஜார்ஜியா நாட்டுல மண்ணுக்குள்ள புதைச்ச தாழியில இப்படித்தான் ரொம்பக் காலமா செய்யறாங்க. அங்க கிடைச்ச பானை ஓடுகள்ல 8000 வருஷத்துக்கு முந்தின ஒயின் தடயம் இருக்குன்னு 2017ல கண்டுபிடிச்சாங்க.

தோல்ல இருந்து இறங்குற துவர்ப்புச் சத்துக்கு டானின்னு பேர். ஆவாரம்பட்டையில இருக்கிறதும் அதே வகைதான். நம்ம ஊர்ல ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறப்போட்டுப் பதனிட்டாங்க இல்லையா, அதே வேதியியல். அதனாலதான் போர்ச்சுகீசியன் இதுக்கும் 'பதனிடுறது'ன்னே பேர் வச்சிருக்கான்.

நம்ம கதைக்கு முக்கியமான இடம், போர்ச்சுகல்லோட தெற்கே இருக்கிற அலென்தேஜு. வெயில், புழுதி, வறண்ட காடு. கிட்டத்தட்ட நம்ம திசையன்விளைப் பக்கம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். அங்க விதிகெய்ரா, கூபான்னு சின்னச் சின்ன ஊர்கள். அந்த ஊர்கள்ல ஒயினை மரப் பீப்பாயிலயோ ஸ்டீல் தொட்டியிலயோ செய்யாம, 'தால்யா'ங்கிற பெரிய மண்தாழியில செய்யற வழக்கம் ரோமானியர் காலத்துல இருந்து இருக்கு. ஆளை விட உயரமான தாழிகள் உண்டு, பெருசுல ஆயிரம் லிட்டருக்கு மேலயே பிடிக்கும். திராட்சையை நசுக்கி, தோல், விதை, கொஞ்சம் காம்பு எல்லாத்தோடயும் உள்ள கொட்டிடுவாங்க. ஈஸ்ட் எதுவும் வெளியில இருந்து போடறதில்லை, பழத்துல ஒட்டிட்டு இருக்கிறதே போதும். புளிக்கும்போது தோலெல்லாம் மேல மிதந்து வரும், அதை மரத்துடுப்பால தினமும் உள்ள அமுக்கி விடணும். இல்லைன்னா உள்ள காத்து சேர்ந்து தாழியே வெடிச்சுடும். புளிச்சு முடிஞ்சதும் தோலெல்லாம் அடியில படிஞ்சுடும். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் அன்னிக்கு, அடியில இருக்கிற துளையைத் திறப்பாங்க. தோல் படுகை வழியா வடிஞ்சு, தானே வடிகட்டிக்கிட்டு தெளிவா வெளிய வரும். அந்தத் தேதி வரைக்கும் தோலோட தாழியில இருந்தாத்தான் 'தால்யா ஒயின்'னு அரசாங்க முத்திரை கிடைக்கும்.

இன்னொரு விஷயம், இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. சுட்ட மண்ணுங்கிறதால தாழி கசியும். அதனால உள்பக்கம் பைன் மரத்துப் பிசினை உருக்கிப் பூசுவாங்க. சில பேர் தேன்மெழுகும் சேர்ப்பாங்க. கொஞ்ச வருஷத்துக்கு ஒரு தடவை பழசை நீக்கிட்டுப் புதுசாப் பூசணும். அதுக்குன்னே கைதேர்ந்தவங்க இருந்தாங்க.

இந்தத் தாழி வித்தையை போர்ச்சுகல்லுக்குக் கொண்டு போனது ரோமானியர்கள். அதே ரோமானியர்கள்தான் நம்ம பக்கமும் ஒயின் கொண்டு வந்தாங்க. புறநானூறு 56வது பாட்டுல நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர்கள் நல்ல கலங்கள்ல கொண்டு வந்த குளிர்ந்த, மணமான தேறலைப் பத்திச் சொல்றார். 'தேறல்'ங்கிற சொல்லைக் கவனிங்க. தேறுதல்னா தெளிதல். தெளிஞ்சு இறங்கினதுதான் தேறல். அலென்தேஜு தாழி அடியில சொட்டுற சரக்குக்கு இதை விடப் பொருத்தமான பேரு கிடைக்குமா? அரிக்கமேட்டுல வீலர் 1945ல தோண்டினப்போ, மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் சாடிகளோட துண்டுகள் குவியலாக் கிடைச்சுது. பெரிப்ளஸ்ங்கிற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு முசிறிக்கு வந்த சரக்குகளைப் பட்டியல் போடும்போது, 'ஒயின், ஆனா அதிகமில்லை'ன்னு சொல்லுது. அதாவது ராஜா வீட்டுக்கு மட்டும். சாதாரண ஜனங்களுக்கு அப்பவும் கள்ளுதான்.

அடுத்து ஒயின் நம்ம கரைக்கு வந்தது 1500 வருஷம் கழிச்சு, போர்ச்சுகீசியக் கப்பல்ல. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் எதிரிகள்கிட்ட இருந்து பாதுகாப்பு கேட்டு கொச்சிக்குப் போனது, 1530கள்ல கூட்டமா ஞானஸ்நானம் வாங்கினது, 1542 அக்டோபர்ல பிரான்சிஸ் சவேரியார் வந்து கரையோரமா ஊர் ஊரா நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. இதைப் பத்தி 1881லயே தன்னோட திருநெல்வேலி சரித்திரத்துல எழுதினவர் கால்டுவெல். அவர் 1841ல இருந்து கிட்டத்தட்ட 50 வருஷம் வாழ்ந்த இடையன்குடி எங்க பக்கம்தான்.

எங்க ராதாபுரம் தொகுதியில கடற்கரை ஓரம் உவரி இருக்கு. அங்க அந்தோணியார் கோயிலுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. அந்தச் சுரூபம் எப்படி வந்துச்சுன்னு ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. ஒரு போர்ச்சுகீசியக் கப்பல்ல காலரா வந்து ஆளுங்க செத்து விழுந்தப்போ, கப்பல் தச்சர் அந்தோணியார் சுரூபத்தைச் செதுக்கினாராம், நோய் நின்னுடுச்சாம், உவரியில கரை இறங்கி அதை அங்கேயே வச்சுட்டுப் போனாங்களாம். நாமெல்லாம் 'பதுவை அந்தோணியார்'னு சொல்றோம். ஆனா அவர் பிறந்தது 1195ல, லிஸ்பன்ல! பதுவை அவர் இறந்த ஊர்தான். சின்ன வயசுல இருந்து நான் மொட்டை போட்டுக்கிட்ட சாமியோட சொந்த ஊர்லதான் ரெண்டு மாசம் குப்பை கொட்டியிருக்கேன்னு அங்க போனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

அந்தக் கப்பல்கள்ல மாலுமிகளுக்குத் தினப்படி ஒயின் உண்டு. தண்ணி கெட்டுப் போயிடும், ஒயின் கொஞ்சம் தாங்கும். அதை அடைச்சு வந்த பெரிய மரக்கலத்துக்குப் பேர் 'பீப்பா'. அதுதான் நம்ம பீப்பாய். ஊத்திக் குடிச்ச 'கோப்பு' நம்ம கோப்பை. 'மேசா' மேசை, 'ஷாவி' சாவி. அதாவது ஒயினை அடைச்ச பாத்திரம், ஊத்தின பாத்திரம், வச்ச மேசை, பூட்டின சாவி எல்லாமே தமிழுக்கு வந்துடுச்சு. ஒயினுக்கு அவங்க சொன்ன 'வீஞ்ஞு' மட்டும் வரலை! மலையாளத்துல போய்ப் பாருங்க, இன்னிக்கும் ஒயினுக்கு 'வீஞ்ஞு'தான். இங்க இருந்து கொஞ்ச தூரம் மேற்கே போனா இருக்கிற சொல் இந்தப் பக்கம் இல்லை. நம்ம ஆளுங்க 'திராட்சை ரசம்'னு ஒரு பேரை வச்சுக்கிட்டாங்க, அதுவும் கோயிலுக்குள்ள மட்டும்.

ஏன் அப்படி? எனக்குத் தோணுற காரணம் இது. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சையில செஞ்ச சுத்தமான ஒயின்தான் வேணும், வேற எதுவும் செல்லாது. பனங்கள்ளு எவ்வளவு உசத்தியா இருந்தாலும் பீடத்துல ஏற முடியாது. ஆக ஒவ்வொரு கோயிலுக்கும் ஒயின் கடல் தாண்டி வந்தாகணும். ஆனா 1415ல கான்ஸ்டன்ஸ் சங்கம், பொதுமக்களுக்கு அப்பம் மட்டும் போதும், ரசம் குருவுக்கு மட்டும்னு சட்டம் போட்டிருந்துச்சு. சவேரியார் வந்தப்பவும் அதுதான் வழக்கம், அதுக்கப்புறமும் நானூறு வருஷத்துக்கு மேல அதேதான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நானூறு வருஷமா தினமும் பூசையில ஒயின் இருந்திருக்கு, முட்டி போட்டு அதைப் பார்த்துக்கிட்டும் இருந்திருக்காங்க. நாக்குல மட்டும் படவே இல்லை. பார்த்த பாத்திரத்துக்குப் பேர் வந்துச்சு, குடிக்காத சரக்குக்கு வரலை. எங்க பக்கத்து ப்ராட்டஸ்டன்ட் சபைகள்ல எல்லாருக்கும் பாத்திரம் உண்டு. அதுவும் ஒரு வாய்தான்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அதையும் எடுத்துட்டுப் போனேன். எங்க தாத்தா பனையேறி. தேரிக்காட்டு ஓரத்துல நாப்பது அம்பது பனை, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி இறங்கினவர். முட்டி தேஞ்சு போய் விட்டுட்டார். 'இது மண்பானையில செஞ்சது தாத்தா'ன்னு சொல்லி ஒரு சின்ன டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். ஆச்சி அடுக்களையில இருந்து முறைச்சிட்டே இருந்தாங்க. தாத்தா ஒரு வாய் குடிச்சார். நாக்கை அண்ணத்துல தட்டினார்.

"நாவப்பழம் தின்னாப்ல துவர்க்குலே. புளிப்பு இருக்கு. நேத்துப் பதனி."

சரக்கு விமர்சகர்கள் பக்கம் பக்கமா எழுதறதை அஞ்சு நொடியில முடிச்சுட்டார். அறுசுவையில ஒண்ணா துவர்ப்பை வச்சிருக்கிற மொழி இல்லையா. அப்புறம் அவர் கேட்டதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

"ஏய்யா, அந்தப் பானைக்கு உள்ள என்னத்தப் பூசுதாவ?"

பிசின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "நாங்க சுண்ணாம்பு பூசுவோம். பூசலைன்னா கேஸ் போட்டுருவான்" அப்படின்னார்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பனம்பாளையைச் சீவி, அதுல சொட்டுற சாறைக் கலயத்துல பிடிப்பாங்க. சாறுல பத்து சதவீதத்துக்கு மேல சர்க்கரை. பாளையிலயும் கலயத்துலயும் ஈஸ்ட் தானாவே இருக்கு. வெறும் கலயத்தைக் கட்டினா மரத்துல தொங்கும்போதே புளிக்க ஆரம்பிச்சுடும், காலையில இறக்கினா கள்ளு. கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டினா, அந்தக் காரத்தன்மையில ஈஸ்ட் வேலை செய்யாது, இனிப்பு அப்படியே நிக்கும், அதுதான் பதனி. அதை விடிலியில காய்ச்சினா கருப்பட்டி. சாஃப்ட்வேர்காரன் பாஷையில சொன்னா, ஹார்டுவேர் ஒண்ணுதான், உள்ள இருக்கிற கோட்டிங் மட்டும் வேற. அவங்க புளிச்சதைக் காப்பாத்தப் பூசறாங்க, நாம புளிக்காம இருக்கப் பூசறோம்.

பதனிக்கும் கருப்பட்டிக்கும் சுண்ணாம்பு எப்பவுமே வேணும்தான். ஆனா 'கேஸ்'ங்கிற பயம் சட்டத்துல இருந்து வந்தது. 1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கை ஆரம்பிச்சார், 1948ல மாகாணம் முழுக்க வந்துச்சு. 1971ல தளர்த்தினாங்க, 1974ல மறுபடி மூடினாங்க, 1981ல எம்.ஜி.ஆர். ஆட்சியில திறந்தாங்க, 1987ல கள்ளுக்கடையை மூடினாங்க. அதோட சரி. ஆனா 1983ல ஆரம்பிச்ச டாஸ்மாக் 2003ல சில்லறை விற்பனையையும் கையில எடுத்துக்கிச்சு. ஆலையில வடிச்ச சரக்கை அரசாங்கமே விக்குது, மரத்துல புளிச்சது குற்றம். பக்கத்துல கேரளாவுல கள்ளுக்கடை சட்டப்படி நடக்குது.

'அப்போ கள்ளைத் திறக்கச் சொல்றியா'ன்னு கேப்பீங்க. ஆச்சியும் அதேதான் கேட்டாங்க. "கள்ளுக்கடை இருந்த காலத்துல எத்தன வீட்டுல அடுப்பு எரியலன்னு ஒனக்குத் தெரியுமாலே? ஒங்க தாத்தாகிட்ட கேளு" அப்படின்னாங்க. தாத்தா பதில் சொல்லலை. ஆச்சி சொல்றது பொய் இல்லை. எங்க பக்கத்துல கிறிஸ்தவ சபையும் சரி, அய்யாவழியும் சரி, கள்ளை எதிர்த்து நின்னதுக்குக் காரணம் இருந்துச்சு. பனையேறின ஜனங்க படிச்சு மேல வந்ததுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. நான் இன்ஜினியரிங் படிச்சது கருப்பட்டிக் காசுலதான், கள்ளுக் காசுல இல்லை.

ஆனா ஒண்ணு மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அலென்தேஜுலயும் தால்யா கிட்டத்தட்டச் செத்துப் போன வித்தைதான். தாழி செய்யற குயவர்கள் அருகிட்டாங்க, பிசின் பூசறவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். ஆனா அவங்க அதுக்கு ஒரு பேர், ஒரு தேதி, ஒரு விதி, ஒரு முத்திரை வச்சு எழுப்பி நிறுத்திட்டாங்க. இங்க தாத்தாகிட்ட இருக்கிற அறிவு, எந்தப் பாளையை எப்போ எவ்வளவு சீவணும், சுண்ணாம்பு எத்தனை விரல் தடவணும், கூடினா பதனி காரும், குறைஞ்சா புளிக்கும், அதெல்லாம் அவரோட போயிடும். எனக்கு ஏறத் தெரியாது, எங்க அப்பாவுக்கே தெரியாது. 2021ல பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு அரசு அறிவிச்சுது. நல்ல விஷயம். மரம் நிக்கும், ஏற ஆள்?

சரி சரி, ரொம்ப சீரியஸாப் போயிட்டேன். இதுக்கு என்ன சாப்பிடலாம்னு சொல்லாம விட்டா அடிக்க வருவீங்க.

முதல்ல சாளை மீன். ஜூன் 13 அந்தோணியார் திருநாளுக்கு முந்தின ராத்திரி லிஸ்பன் தெருவெல்லாம் சாளை சுடுற புகைதான். உவரிக்காரங்களும் அதே சாளையைத்தான் திங்கறாங்க, சாமியும் ஒருத்தரே! ஆனா ஒரு எச்சரிக்கை. துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து மிளகாய்க் காரத்தை ஏத்தி விடும். ஆச்சி மிளகாய்ப்பொடி அப்பிப் பொரிச்ச சாளையோட குடிச்சப்போ வாய் எரிஞ்சு கசப்புதான் மிஞ்சுச்சு. தேங்காய் அரைச்சு ஊத்தின குழம்போட குடிச்சப்போ ரெண்டும் தோழனாயிடுச்சு. கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கிடும். (அந்த மிளகாயே போர்ச்சுகீசியன் கொண்டு வந்ததுதான். அவன் சரக்கை அவன் மிளகாயே கெடுக்குது பாருங்க.)

ரெண்டாவது, நம்ம நெல்லை சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். சைவத்துல இதுக்கு இதை விடப் பொருத்தம் கிடையாது. மறுவீட்டு விருந்துல யாரும் முயற்சி பண்ணிடாதீங்க, சம்பந்தம் முறிஞ்சா நான் பொறுப்பில்லை.

மூணாவது, பனங்கிழங்கு. அலென்தேஜுல மார்ட்டின் திருநாள் அன்னிக்குப் புது ஒயினோட செஸ்ட்நட்டைச் சுட்டுத் தின்பாங்க. மாவா, லேசான இனிப்பா இருக்கும். பொங்கலுக்கு அவிச்ச பனங்கிழங்குல கொஞ்சம் உப்பும் மிளகும் தட்டிப் போட்டா கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். இது தாத்தாவோட தேர்வு.

கோவாக்காரன் இன்னும் கெட்டிக்காரன். போர்ச்சுகீசியன் ஒயினும் பூண்டும் போட்டு ஊற வச்ச கறியை, தென்னங்கள்ளுல செஞ்ச வினிகர் ஊத்தி சமைச்சு 'விந்தாலு' ஆக்கிட்டான். கடல் தாண்டி வந்த பீப்பாய்க்குப் பதிலா தன் ஊர்க் கலயம்.

அப்புறம், ஐஸ் மாதிரி குளிர வச்சுடாதீங்க, துவர்ப்பு மட்டும்தான் தெரியும். வீட்டுல ஃப்ரிட்ஜ் ரிப்பேர். ஆச்சி குடிதண்ணி வச்சிருந்த மண்பானைக்குப் பக்கத்துல ஈர மணல்ல பாட்டிலைச் செருகி வச்சேன். சரியாப் போச்சு.

மீதி இருந்ததை மறுநாள் தாத்தாவுக்குக் குடுத்தேன். வேண்டாம்னுட்டார். காலி பாட்டிலை மட்டும் வாங்கிக் கழுவி வெயில்ல காய வச்சார். எதுக்குன்னு கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துல ஒரு பையன் புதுசா ஏறப் பழகுறானாம், மாசி பிறந்ததும் முதல் பதனி கொண்டாந்து தர்றேன்னு சொல்லியிருக்கானாம். அதுக்கு.

டிஸ்கி: மது உடல்நலத்துக்குக் கேடு. இந்தப் பதிவு யாரையும் குடிக்கச் சொல்றதுக்கு இல்லை. ஊருக்குப் போனா ரோட்டோரம் பட்டையில பதனி குடிங்க, கருப்பட்டி வாங்கும்போது சீனி கலந்ததான்னு பார்த்து வாங்குங்க. அது போதும்.